இரஞ்சிதம் அக்காவுக்கு ஓர் அறை

“அக்கா, உங்கட ஊரில தண்ணி தானா வருமோ?” என்று யாழ்ப்பாணத்து வீட்டில் பிரியாந்தினி அன்றைக்குக் கேட்டாளே, இரட்டைப் பின்னலும் பள்ளிக்கூட வெள்ளைச் சட்டையுமாகக் கதவு நிலையைப் பிடித்து ஆடிக்கொண்டு... பிரேமிளாவும் சிரித்துவிட்டு, ஆமா, எங்க ஊர்ல மலையில இருந்து பீலிக்குழாய் வழியாத் தானாவே கொட்டும், யாரும் இழுக்க வேண்டாம் என்று பெருமையாகச் சொல்லிவைத்தாள், அந்தப் பிள்ளை எதற்காக அப்படிக் கேட்கிறது என்று ஒரு நிமிடம் யோசித்தாளா, இல்லை. இப்போது கண்டி மணிக்கூட்டுக் கோபுரத்தடியில் பஸ்ஸை விட்டு இறங்கும்போது அது ஏன் நினைவுக்கு வரவேண்டும், வரத்தான் செய்யும், அந்தப் பிள்ளை வளர்ந்து, வேலைக்குப் போய், நாளைக் காலை யாழ்ப்பாணத்து பஸ்ஸில் தன் அம்மாவைக் கூட்டிக்கொண்டு இங்கே வந்து இறங்கப் போகிறாள். நாளைக்கு. இரஞ்சிதம் அக்கா கண்டிக்கு வருகிறார். காலையில் இருந்து இதைத்தானே மனம் சொல்லிக்கொண்டிருக்கிறது, சோறு வடிக்கும்போது, சேலைக்கு ஊசி குத்தும்போது, பஸ்ஸில் மிச்சக் காசை வாங்க மறந்தபோது, பிள்ளையாரப்பா, இந்த வயதிலும் சுற்றுலாவுக்கு முதல் நாள் பள்ளிப்பிள்ளை மாதிரி ஆகிவிடுவாள் என்று யார் நினைத்தது.

எங்கெல்லாம் கூட்டிப்போகலாம்... புத்தரின் பல்லை வைத்திருக்கிற தலதா மாளிகை, அது இல்லாமல் கண்டியா, ஆனால் அங்கே படி, செருப்பையும் கழற்றவேண்டும், வெயில் ஏறுமுன் போனால் கல் சுடாது. பேராதனைப் பூந்தோட்டத்துக்கு ஒரு காலை முழுக்க வேண்டும், உள்ளே சுற்றிக்காட்டும் சின்ன வண்டி உண்டாம், அலுவலகத்து ரேவதி சொன்னாள், அதில் ஏற்றி உட்காரவைத்துவிட்டால் அக்கா மகாராணி மாதிரி மரங்களைப் பார்த்துக்கொண்டே போகலாம். கம்பளைக்கு மேலே அம்புலுவாவைக் கோபுரம் வேண்டாம், வேண்டவே வேண்டாம், அதை நினைத்தாலே தனக்கே கால் கூசுகிறது. வேடிக்கை என்னவென்றால், கண்டியிலேயே பிறந்து, கண்டியிலேயே பிள்ளை பெற்று, மாநகரசபையில் எழுதுவினைஞர் வேலையும் பார்க்கிற பிரேமிளா, வாவியில் ஒருநாளாவது படகு ஏறியிருக்கிறாளா, கிடையாது, ஊர் பார்க்க வருகிறவர்களை விலக்கிக்கொண்டு பஸ்ஸுக்கு ஓடினதுதான் மிச்சம். சொந்த ஊரைப் பார்ப்பதற்கும் ஒரு விருந்தாளி வரவேண்டியிருக்கிறது. அதிலும் அக்கா கேட்டது என்ன, கோபுரமா, மாளிகையா, “எனக்கு ஓடுற ஆறு ஒண்டு பாக்கோணும் பிரேமிளா, அவ்வளவுதான்” என்றார் தொலைபேசியில். யாழ்ப்பாணத்தில் ஆறு ஏது. அறுபதைத் தாண்டின ஒரு மனிசி, வாழ்நாளில் ஓர் ஆற்றின் கரையில் நின்று பார்த்ததில்லை என்று சொன்னபோது பிரேமிளாவுக்குக் கண் கலங்கிவிட்டது, பிறகு உடனே சந்தோசம் பொங்கிவிட்டது, மகாவலி இருக்கிறதே, வீட்டு வாசலில் கிடக்கிற மாதிரி, போகவர பஸ் ஜன்னலில் பார்த்துப் பார்த்துக் கண்ணில் படாமல் போன மகாவலி. கம்பளைக்கு ரயிலில் போகலாம், ஜன்னலோரம் அக்காவை இருத்தலாம், ஆறு கூடவே வரும்.

இரண்டு இடம் பார்த்துவிட்டு நடக்கும்போது கைத்தொலைபேசி அடித்தது, கணவர் மோகனராஜ்தான், கடையில் ஆள் இல்லாத நேரம் போலிருக்கிறது. “என்னம்மா, ரூம் கெடச்சிச்சா? காலையில போன ஆளு. நீ ரூமா பாக்குற, மாப்பிள்ளையா பாக்குற?” என்று கேட்டார். “மாப்பிள்ளைய பாத்தப்ப இவ்வளவு பாக்காம விட்டதுதாங்க தப்பு” என்றாள். அவர் சிரித்தார், பிறகு குரலை இறக்கி, நம்ம ஊருக்கு வர்ற மனுசிய வெளியில தங்க வைக்கிறது எனக்கு ஒரு மாதிரியாத்தான் இருக்கு, அந்தம்மா என்ன நெனைப்பாங்க என்றார். அவளுக்கு மட்டும் நெஞ்சு உறுத்தாதா, இருக்கிற இரண்டு அறையில் ஒன்றைக் கொடுத்துவிட்டுப் பாய் விரித்துப் படுக்கத் தெரியாதா, ஆனால் மகியாவையில் தங்கள் வீட்டுக்கு ஏறுகிற அந்தப் படிகள், பக்கத்துக்குக் கைப்பிடி கூட இல்லாமல் செங்குத்தாக... போன வருசம் குளியலறையில் விழுந்து அக்காவுக்கு முழங்காலில் ஒப்பரேசன், அதற்குப் பிறகு இதுதான் முதல் பயணம். இன்னொரு தரம் விழுந்தா நடக்க வைக்கேலாது எண்டு டொக்டர் சொல்லிப்போட்டார் அக்கா, ஆனா அம்மா கேக்கிறா இல்லை, கண்டி கண்டி எண்டு எழும்பின நேரத்தில இருந்து இதே கதை என்று பிரியாந்தினி சொன்னது காதிலேயே நிற்கிறது. கூப்பிட்டது யார், பிரேமிளா. வாங்க வாங்க என்று வருசக்கணக்காகச் சொல்லிச் சொல்லி ஆசை காட்டினது யார். மலையும் படியும் தவிர வேறொன்றும் இல்லாத இந்த ஊரில் அந்தக் கால் ஒரு தரம் சறுக்கினால்... முருகா, அப்படி நினைக்கக்கூடாது, நல்லதையே நினை.

ஆகவே படி இல்லாத அறை. கேட்பதற்கு எவ்வளவு சின்ன விசயம். ராஜபிஹில்லப் பக்கம் முதலில் பார்த்த இடத்தில் அந்தப் பையன்கள் வாவியைக் காட்டியே மயக்கப் பார்த்தார்கள், காலையில எழும்புனா லேக் உங்க கால்மாட்டுல மிஸ் என்று, உண்மைதான், வாவி வெள்ளித்தட்டு மாதிரிக் கிடந்தது, அவளே கொஞ்சநேரம் எல்லாவற்றையும் மறந்து நின்றாள், ஆனால் அந்த ஜன்னலுக்கு ஏறிவந்த படிகளை இறங்கும்போது தன் முழங்காலே முறையிட்டது. இரண்டாவதில் லிப்ட் இருந்தது, கண்ணாடி இருந்தது, கீழே சமையலறையில் இருந்து கருவாடு பொரிக்கிற வாசம் லிப்டிலேயே ஏறி வந்தது, வெள்ளிக்கிழமை விரதம் பிடிக்கிற சைவக்கார அக்கா வாயைத் திறந்து ஒன்றும் சொல்லமாட்டார், ஆனால் சாப்பிடவும் மாட்டார். கட்டிலில் உட்கார்ந்து பார்த்தாள், குழாயைத் திறந்து வெந்நீருக்குக் காத்து நின்றாள், கழிவறையில் பிடித்து எழும்ப ஏதாவது இருக்கிறதா என்று சுவரைத் தடவினாள், காட்ட வந்த பெண், இவள் தங்க வந்தாளா கட்டிடம் வாங்க வந்தாளா என்பதுபோலப் பார்த்தாள். பார்க்கட்டும். நன்றாகப் பார்த்துச் செய்கிற வேலைக்கு வெட்கப்படக்கூடாது, அப்படிச் செய்கிற ஒருவரைத்தான் கடவுள் ஒருகாலத்தில் தனக்கும் கொடுத்திருந்தார்.

யாழ்ப்பாணத்துக் கச்சேரியில், அந்த அரசாங்க அலுவலகத்தில், முதல் நியமனம், மலைநாட்டுப் பெண் தனியாக, அறை தேடி அலைந்தபோது இரஞ்சிதம் அக்கா வீட்டில்தான் இடம் கிடைத்தது. குளியலறைக்கு வெளியே சீமெந்துத் தொட்டி, காலையில் எழும்பிப் போனால் விளிம்புவரை தண்ணீர், அள்ளி அள்ளி ஊற்றிக்கொள்வாள், அந்த வெயிலுக்கு எவ்வளவு சுகம், சாயங்காலம் வந்தும் ஊற்றிக்கொள்வாள். மோட்டார் ஓடுகிறது, தொட்டி நிறைகிறது என்று நினைத்தாள், இல்லை, அப்படிக்கூட நினைக்கவில்லை, மலையில் பிறந்தவளுக்குத் தண்ணீர் என்பது எங்கிருந்தோ மேலேயிருந்து வருவது, அது எப்படி வந்தது என்று யார் கேட்பார்கள். வந்து பல மாதம் கழித்து, ஊருக்குப் போக அதிகாலை பஸ் பிடிக்க எழும்பின ஒருநாள்தான் பார்த்தாள், கிணற்றடியில் அக்கா, சேலையை இடுப்பில் செருகிக்கொண்டு, வாளியை இழுத்துத் தொட்டிக்குள் ஊற்றி, மறுபடி இழுத்து... மோட்டார் எப்போதோ பழுதாகிக் கிடந்தது. இவள் ஓடிப்போய்க் கயிற்றைப் பிடிக்க, அக்கா வெட்கப்பட்டவர்போல, “நித்திரை வரேல்லை பிள்ளை, சும்மா இழுத்தனான், நீங்கள் போங்கோ, பஸ் போயிடும்” என்றார். அதன் பிறகு அவளும் எழும்பி இழுத்தாள்தான், ஆனால் அதற்கு முந்தின அத்தனை விடியலையும் என்ன செய்வது, நன்றி என்று சொன்னால் அந்த மனிசியின் முகம் சுருங்கிவிடும், இப்படி ஒன்றைச் சொல்லித் தீர்க்கமுடியுமா. அம்மா அந்தக் கயிற்றோடு மல்லுக்கட்டுவதைத் தினமும் பார்த்த பிள்ளைதானே வாசலில் நின்று, தண்ணி தானா வருமோ என்று கேட்டது.

அம்பிட்டிய வீதியில் அறை வாடகைக்கு என்று ஒரு பலகையைக் கண்டு உள்ளே போனபோது மத்தியானம் சாய்ந்துவிட்டது. வீட்டுக்காரர் ஆஸியா உம்மா, பிள்ளைகள் எல்லாம் வெளிநாட்டில், இரண்டு மூன்று அறையை வாடகைக்கு விட்டுக்கொண்டு தனியாக இருக்கிறவர், இரண்டு வார்த்தை பேசினால் நின்று மூச்சு வாங்கிக்கொள்கிறார். “உள்ளுக்கு வாங்க மகள். தங்கப்போற ஆளு யாரு, வயசானவங்களா? அப்ப மேல் ரூம நான் காட்டவே மாட்டன், கீழ் ரூமப் பாருங்க” என்று தானே முன்னால் நடந்தார். பார்த்தால்... வாசலில் படி இல்லை, குளியலறைக்கும் படி இல்லை, சுவரில் கைப்பிடி, அவருடைய தாய்க்காக அடித்ததாம், தாய் மௌத்தாகி இத்தனை வருசமும் கழற்றவில்லையாம். ஜன்னலைத் திறந்தால் பலா மரமும் அதற்கப்பால் மலையும். பிரேமிளாவுக்கு அந்தக் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு ஆடவேண்டும் போலிருந்தது. மரக்கறிச் சாப்பாடுதான் என்று இவள் தயங்கித் தயங்கிச் சொல்ல, “அதுக்கென்ன மகள், புதுச் சட்டி ஒண்டு இரிக்கி, நான் இன்னம் அடுப்புல வெக்கல்ல, அதத் தாறன், நீங்களே வந்து காச்சிக் குடுங்க. என்ட கையால தேத்தண்ணி குடிப்பாங்கதானே?” என்றார். குடிப்பாங்க உம்மா, ரெண்டு தரம் கேட்டுக் குடிப்பாங்க என்றாள் இவள். முன்பணத்தை நீட்டினால் வாங்கவில்லை, வந்து படுத்துப் பார்க்கட்டும், பிடித்தால் தாருங்கள் என்றுவிட்டார். உலகம் முழுக்க இப்படித்தான் யாராவது ஒருவரை அங்கங்கே வைத்திருக்கிறான் ஆண்டவன், இல்லாவிட்டால் இது எப்படி ஓடும்.

வாசலிலேயே நின்று பிரியாந்தினிக்கு எடுத்தாள். கிடைச்சிருச்சு, கீழ் அறை, ஒரு படியும் இல்லை, முதல் நாள் பூந்தோட்டம், அடுத்த நாள் ரயிலில் கம்பளை, ஆறு ஆறு ஆறு என்று இவள் மூச்சுவிடாமல் சொல்ல, “பொறுங்கோ அக்கா, ஸ்பீக்கர்ல போடுறன், இங்க அம்மா என்ர கையைப் பறிக்கிறா” என்றாள் அவள். இரஞ்சிதம் அக்காவின் குரல் வந்தது, கொஞ்சம் தளர்ந்து, ஆனால் அதே குரல், “பிரேமிளா, ஆத்துக்குள்ள கால் வைக்கலாமோ? ஓரத்திலயெண்டாலும்?” வைக்கலாம் அக்கா, நான் புடிச்சுக்கிறேன் என்றாள். “ஓம், அப்ப வாறன்” என்று அவர் சிரித்த சிரிப்பு, வைத்த பிறகும் காதில் இருந்தது. உம்மா தொழுகைக்கு நேரமாகிறது என்று உள்ளே போனார். பிரேமிளா குடையை எடுத்துக்கொண்டு தெருவாசல் படலையை நோக்கி நடந்தாள், ரயில் எத்தனை மணிக்கு, புட்டுக்கு மா இருக்கிறதா, சிவப்பரிசிமா என்றால் அக்காவுக்குப் பிடிக்கும், படலையைத் தொட்டவள் அப்படியே நின்றுவிட்டாள்.

ஏன் ஓரமாக நடந்தேன். வீட்டில் இருந்து படலை வரைக்கும் சீமெந்துப் பாதை அகலமாகத்தானே கிடக்கிறது, தான் ஏன் அதை விட்டு, சரளைக்கல் கிடக்கிற விளிம்பிலேயே வந்தாள், போகும்போதும் அப்படித்தான் போயிருக்கவேண்டும், உம்மாவும் சுவரோரமாகத்தானே நடந்தார்... குனிந்து பார்த்தாள். பலா மர நிழலில் வெயில் படாத சீமெந்து, நடுவெல்லாம் பாசி, கண்ணுக்குப் பச்சையாகக் கூடத் தெரியாது, கருப்பாக, சீமெந்தின் நிறமேதான். கண்டியில் பிறந்த காலுக்கு யாரும் சொல்லிக்கொடுக்க வேண்டியதில்லை, அது தானாக விலகிக்கொள்ளும். வெயிலிலும் மணலிலும் நடந்த கால் என்ன செய்யும், நடுவில் நேராக, நம்பி வைக்கும். படியையே தேடித் தேடி விலக்கினாளே, இது ஞாபகத்துக்கு வந்ததா. ஹந்தானைப் பக்கம் மேகம் கறுத்துக்கொண்டு வந்தது, பின்னேர மழை பெய்தால் நாளைக்கு இது எண்ணெய் தடவின மாதிரிக் கிடக்கும். உம்மாவைக் கூப்பிட்டுச் சொல்லலாம், சொன்னால் அந்த மூச்சோடு அவரே குனிந்து தேய்ப்பார், தேய்க்காவிட்டாலும் முகம் வாடிப்போவார், விருந்தாளிக்குப் புதுச் சட்டி எடுத்து வைத்தவர். வேண்டாம்.

குடையையும் கைப்பையையும் மரத்தடியில் வைத்தாள். சேலையை உயர்த்திச் செருகிக்கொண்டாள். பக்கத்துக் குழாயடியில் பாத்திரம் தேய்க்கிற தேங்காய் மட்டை ஒன்று கிடந்தது, பூச்சாடி ஓரத்தில் கொஞ்சம் மணல், அதுபோதும். படலையில் இருந்து தொடங்கினாள். மணலைத் தூவி, மட்டையால் அழுத்தி, வட்டமாக இல்லை, நீளமாக, பாசி திரள் திரளாகக் கழன்று வந்தது, குளிர்ந்த ஒரு மண்வாசம், நகக்கண்ணெல்லாம் பச்சை, முதுகு வலித்தது, வலியோடு என்ன இது, பாட்டு வேறு வாயில் முனகிக்கொண்டு வருகிறதே, கோயிலுக்குக் கோலம் போடப்போன நாளில்கூட இவ்வளவு சந்தோசம் இருந்ததில்லை. வீதியில் ஒரு முச்சக்கரவண்டி போனது, நிற்கவில்லை. வீட்டு வாசல் வரைக்கும் வந்ததும் தண்ணீர் ஊற்றிக் கழுவிவிட்டு, செருப்பைக் கழற்றி, நடுவில், சரியாக நடுவில், காலை வைத்து நடந்து பார்த்தாள், பிடித்தது. இன்னொரு தரம் நடந்தாள். முதல் தூறல் விழத் தொடங்கியது, கழுவின ஈரத்தோடு மழை ஈரமும் சேர்ந்து பாதை முழுக்க ஒரே நிறமாகிவிட்டது, யார் என்ன செய்தார்கள் என்று இனி யாருக்கும் தெரியாது, நாளைக்கு அக்கா மலையைப் பார்த்துக்கொண்டே இதில் நடந்து வருவார், கீழே பார்க்கக்கூட மாட்டார். மட்டையை அலசி அது கிடந்த இடத்திலேயே வைத்தாள். அந்த வாளித் தண்ணீரின் கடன் தீர்ந்ததா, என்று மனம் கேட்டது. இத்தனை வருசத்தில் தான் கீழே பார்க்காமலே நடந்து வந்த இடங்கள் எவை எவையோ என்று நினைத்துக்கொண்டு, குடையை விரிக்க மறந்து, பிரேமிளா தூறலில் கொஞ்சநேரம் நின்றாள்.