கப்பல் தூளியைப் பிடித்துத் தைத்த கதை

கூடத்தில் தொங்கிய ஹம்மாக் என்னும் கப்பல் படுக்கையைக் கண்டாலே தையல்காரம்மாவுக்குப் பற்றிக்கொண்டு வரும். அவள் கணக்கில் அது தூளி. என்ன, அதில் கிடந்தது கைப்பிள்ளை அல்ல. கப்பலில் சமைத்துச் சமைத்தே தலை நரைத்து, ஓய்வு வாங்கி வீடு வந்து சேர்ந்த அவள் கணவர்.

அளவு கொடுக்க வந்தவர்களைக்கூட அவர் விடமாட்டார். "இதை முதல்ல செஞ்சது காட்டு சனங்க. மரநாரைப் பின்னி ரெண்டு மரத்துக்கு நடுவுல கட்டிப் படுத்தாங்க. ஈரம் ஏறாது, பூச்சி பொட்டு அண்டாது. கப்பல்காரன் பார்த்தான், கித்தான் துணில தைச்சு உள்ள கொண்டுபோயிட்டான். கப்பல்தான் ஆடும், தூங்கறவன் உருள மாட்டான். காலைல சுருட்டி வச்சா அந்த இடத்துலயே சாப்பிடலாம். எவனாவது செத்தா அதுலயே வச்சுத் தைச்சுக் கடல்ல இறக்கிடலாம்."

"நம்ம வீடு எந்தப் பக்கம் ஆடுதுன்னும் கேட்டுக்கோங்க" என்பாள் அவள், மெஷினை மிதித்தபடி.

வாய் கேலி பேசியதே தவிர, மனசு வலித்தது. வருஷத்துக்குச் சில வாரம் மட்டும் வந்து போன மனிதர். இனி கூடவே இருப்பார் என்று புது மெத்தையெல்லாம் வாங்கிப் போட்டிருந்தாள். மனிதர் ஒரே ஒரு ராத்திரி அதில் படுத்தார், மறுநாள் கூடத்துச் சுவரில் கொக்கி அடித்துவிட்டார். கடலில் இருந்தவருக்காக ஏங்கியதில் ஒரு நியாயம் உண்டு. கூடத்தில் இருப்பவருக்காக ஏங்குவதெல்லாம் ஒரு பிழைப்பா? பக்கத்தில் வந்து படுங்கள் என்று இந்த வயதில் வாய்விட்டுச் சொல்லவும் வெட்கம் பிடுங்கித் தின்றது.

சொல்லத்தானே வெட்கம், தைக்க என்ன வெட்கம்? அவர் காய்கறி வாங்கப் போகும் நேரமாகப் பார்த்துத் தூளியை இறக்கி, இரண்டு பக்கமும் கொஞ்சம் பிடித்துத் தைத்து, திரும்ப மாட்டிவிட்டாள். அடுத்த வாரம் இன்னும் கொஞ்சம். படுக்க இடம் போதாவிட்டால் ஐயா தானாகக் கட்டிலுக்கு வந்துதானே ஆக வேண்டும்!

ஐயா வரவில்லை. "ஊதிட்டேன்" என்று முடிவு கட்டினார். துணி பிடித்தால் உடம்பைத்தான் சந்தேகப்படுவார்கள் என்பது தையல்காரிக்குத் தெரியாதா? தெரியும். கோபத்தில் மறந்துபோனாள். அவர் சர்க்கரையை விட்டார், ராத்திரிச் சாப்பாட்டை விட்டார், தெருத் தெருவாக நடந்தார். கால்சட்டை இடுப்பில் நிற்காமல் கயிறு கட்டிக்கொண்டார்.

"உடம்பு இளைக்குது, ஹம்மாக் மட்டும் இறுக்குது. உள்ள ஏதோ வீக்கம் போல. டாக்டரைப் பார்த்துட்டு வரேன்" என்று ஒரு நாள் கிளம்பினார். அவர் தலை மறைந்ததும் கத்தரிக்கோலை எடுத்துத் தையலைப் பிரிக்க உட்கார்ந்தாள். பாதி பிரிப்பதற்குள் வாசலில் நிழல் தட்டியது. டாக்டர் ஊரில் இல்லையாம்.

அவள் மடியில் கிடந்த கித்தானையும் பார்த்தார், அவளையும் பார்த்தார்.

"ஏம்மா, செத்தவனைத்தான் இதுல வச்சுத் தைப்பாங்க. நான் உயிரோட இருக்கும்போதேவா நீ தைக்கறே?"

அவளுக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தன. "நீங்க என் பக்கத்துல வந்து படுக்கணும்னுதான் பிடிச்சேன்."

அவர் மெதுவாக அவள் எதிரே உட்கார்ந்தார். "வந்தேனே. முதல் நாள் ராத்திரி தூக்கக் கலக்கத்துல என் கையைத் தட்டிவிட்டு யாருன்னு கேட்டே. சமையல்காரன்னு சொன்னேன்."

"பொண்டாட்டிகிட்ட அப்படியா சொல்லுவாங்க?"

"கப்பல்ல தூக்கத்துல எழுப்பிக் கேட்டா அதுதானே வாயில வரும். நீ, சமையலறை அந்தப் பக்கம்னு சொல்லிட்டுத் திரும்பிப் படுத்துட்டே. தனியாவே படுத்துப் பழகினவ, தொந்தரவு பண்ண வேண்டாம்னு எழுந்து வந்துட்டேன்."

அவளுக்கு எதுவுமே நினைவில்லை. நினைவில்லாததுதான் இன்னும் சுருக்கென்று தைத்தது. எழுந்து அவர் கையைப் பிடித்தாள். நட்டநடுப் பகல் என்றும் பார்க்காமல் அறைக்கு இழுத்துப் போனாள். அவர் விருந்தாளியைப் போலக் கட்டில் ஓரத்தில் ஒட்டிப் படுத்தார். "உள்ள தள்ளி வாங்க" என்று அதட்டிவிட்டுப் பக்கத்தில் படுத்தாள்.

வாசலில் யாரோ கூப்பிட்டார்கள். "அம்மா, என் பேன்ட் தைச்சாச்சா?"

"நாளைக்கு வாங்க" என்று இவர் குரல் கொடுத்துவிட்டார்.

வந்தவருக்குச் சந்தேகம் வந்துவிட்டது. "உள்ள யாருங்க அது?"

அவர் பதிலை அவளுக்கே விட்டுவிட்டு அவளையே பார்த்துக்கொண்டு கிடந்தார்.

"என் வீட்டுக்காரர்" என்றாள் தையல்காரம்மா, தெருவுக்கே கேட்கும்படி. "நாளைக்கு வாங்க."