கதவின் வாக்குமூலம்

சண்டை முடிந்து பதின்மூன்றாம் வருடம் வந்த நான்காவது விசாரணைக் குழு, இனி ஆட்களிடம் கேட்பதில்லை, கதவுகளிடம்தான் கேட்பது என்று அறிவித்தது. ஆட்கள் சொன்னதையே சொல்கிறார்களாம்.

தவமலர் தன் வீட்டு வாசற்கதவைக் கழற்றிப் பழைய சேலையால் சுற்றினாள். பக்கத்து வீட்டு அருளப்பு தன் லாண்ட்மாஸ்டர் உழவு இயந்திரத்தின் பெட்டியில் ஏற்றினார். பள்ளம் பார்த்து ஓட்டச் சொல்லி வழியெல்லாம் அவரை நச்சரித்தாள். அவளுக்கு ஒன்றுதான் தெரிய வேண்டியிருந்தது. மகன் கேதீசன் காணாமல்போன அன்று, வெளியே நின்று அவனைப் பேர் சொல்லிக் கூப்பிட்டது யார்? அவள் அப்போது கிணற்றடியில் நின்றாள். அந்தக் குரலைக் கிட்டத்தில் கேட்டது கதவு மட்டும்தான்.

மண்டபத்தில் நாற்பது கதவுகள் சுவரோடு சாய்ந்திருந்தன. பாதி எரிந்த ஒன்றுக்கு மட்டும் உட்காரக் கதிரை கொடுத்திருந்தார்கள்.

தவமலரின் கதவிடம் அதிகாரி சத்தியம் வாங்கிவிட்டுக் கேட்டார்.

"எனக்கு மூண்டாம் குழு வந்த நாளிலிருந்துதான் தெரியும்" என்றது கதவு.

ஒவ்வொரு குழு வரும்போதும், வருகிறவர்கள் முகம் சுளிக்கக் கூடாதென்று தவமலர்தான் கதவுக்குப் புதுப் பெயின்ற் அடித்திருந்தாள். முதலில் நீலம், பிறகு மஞ்சள், கடைசியாகப் பச்சை.

"வாற துரைமாருக்கு வடிவு காட்டினியே தங்கச்சி, இப்ப சுரண்டு" என்றார் அருளப்பு.

கத்தி வாங்கி அங்கேயே சுரண்டினாள். பச்சை போனதும் கதவு இரண்டாம் குழுவைப் பற்றிச் சொன்னது. மஞ்சள் போனதும் முதற்குழு காலில் போட்டுவந்த சப்பாத்துகளைப் பற்றிச் சொன்னது. உதிர்ந்த தூளை எழுத்தர் உறையிலிட்டு ஒட்டினார். நீலமும் போய் மரம் தெரிந்தபோது, கதவு அந்த நாளுக்கு வந்தது.

"கூப்பிட்ட ஆளைத் தெரியும். இப்பவும் எங்கடை தெருவாலைதான் போய்வாறார். சொன்னா எனக்குப் பாதுகாப்புத் தருவியளோ?"

தருவோம் என்றார் அதிகாரி. மீதியை மூடிய அறையில் கேட்பார்களாம். தாய்மார் உள்ளே வர முடியாதாம். நான்கு பேர் கதவைத் தூக்கிப் போனார்கள். உள்ளே என்ன சொல்கிறது என்று தவமலர் அந்த அறையின் கதவிடம் கெஞ்சினாள்.

"நான் அரசாங்க உத்தியோகம், அம்மா" என்றது அது.

அவள் வீடு திரும்பியபோது வாசல் நிலையில், தோள் இரண்டும் முட்ட, ஒருவர் நின்றார். சாட்சி திரும்பும்வரை தன்னைக் கதவாக நியமித்திருப்பதாகக் கடிதம் காட்டினார். எந்தப் பக்கம் திறப்பீர்கள் என்று தவமலர் கேட்டாள். உட்பக்கம் என்றார். தள்ளினாள், திறந்தார். உள்ளே போய் அவரைச் சாத்தினாள்.