ஜீரணப்பொடிக்காரரின் சிரிப்பு

பிரஸாக் எங்கள் மாடிப்படி ஏறி வந்தபோது நான் வெங்காய சூப்பில் ரொட்டித் துண்டுகளைப் போட்டுக்கொண்டிருந்தேன். எங்கள் தெரு முனையில் தொப்பிக் கடை வைத்திருப்பவர். கையில் கிழிந்த சுவரொட்டி. பின்பக்கம் பசை இன்னும் காயவில்லை. காலையில்தான் சுவரிலிருந்து உரித்திருக்கிறார்.

"இத வரஞ்சவரு எங்க?"

என் கணவர் அன்செல்ம் தூரிகையைக் காதில் செருகிக்கொண்டு வந்தார். பிரஸாக் அதைச் சாப்பாட்டு மேசையில் விரித்தார். லதூ ஜீரணப்பொடி விளம்பரம். மஞ்சள் பின்னணியில், சட்டைப் பொத்தான் தெறித்துப் பறக்க, ஒரு பருத்த மீசைக்காரர் சூப்புக் கிண்ணத்தின் மேல் குனிந்து சிரிக்கிறார். உலகத்தில் அவரைவிடச் சந்தோஷமான மனிதர் இருக்க முடியாது. பாரிஸ் முழுக்க அந்த வாரம் அந்தச் சிரிப்புதான். குதிரை டிராமில் போகிறவர்கூட ஒரே பார்வையில் பிடித்துவிட வேண்டும் என்பார் என் கணவர். அதனால் தடித்த கறுப்புக் கோடு. நிழல் என்ற பேச்சே இல்லை. பொடியின் பெயர்கூடத் தொந்தியின் வளைவோடு வளைந்து உட்கார்ந்திருக்கும். அந்த வளைவுக்காக நான்கு நாள் என்னோடு பேசாமல் இருந்தார்.

"இது நான்தான்," என்றார் பிரஸாக். "ஊரே சொல்லுது."

"ஐயா, உங்க மூஞ்சிய நான் இன்னிக்குத்தான் நேரா பாக்கறேன்."

"என் மூக்கு இவ்வளவு செவப்பா?"

"நெறத்துக்கு ஒரு அச்சுக் கல்லுன்னு மூணு கல்லுலதான் அச்சடிச்சோம். கறுப்பு, மஞ்ச, செவப்பு. ரோஸுக்கு நாலாவது கல்லு வேணும், பொடிக்காரர் ஒத்துக்கல. மஞ்ச மூக்கு வெச்சிருந்தா காமாலன்னு சொல்லியிருப்பாங்க."

பிரஸாக் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். ரொட்டிக் கடை பெலாஜியிடம் கல்யாணப் பேச்சை எடுக்க இரண்டு வருஷமாகத் தைரியம் சேர்த்துக்கொண்டிருந்தாராம். கணவனை இழந்தவள், கலகலப்பானவள். அவள் கடைக்கு நேர் எதிரே இந்தப் படத்தை ஒட்டியிருக்கிறார்கள். "நேத்து அந்தம்மா அதப் பாத்துப் பாத்துச் சிரிச்சாங்க. நான் அந்தப் பக்கமே போகல. கோர்ட்டுக்குப் போகப்போறேன்."

அப்போது இன்னொருவர் உள்ளே வந்தார். பியானோ வாத்தியார் மெனார். ஒட்டடைக்குச்சிபோல இருப்பார். அவரும் வழக்குப் போடுவேன் என்று சொல்லத்தான் வந்திருந்தார். படத்தில் இருப்பது அவராம்.

"உங்க தொந்தி எங்க?" என்றார் பிரஸாக்.

"தொந்தி இவரோட கற்பனை. சிரிப்பு என்னுது."

"நீங்க சிரிச்சு யாரு பாத்தா?"

இருவருக்குமே வேண்டாத முகம். ஆனால் அடுத்தவருக்கு விட்டுக்கொடுக்க இருவருக்கும் மனமில்லை. என் கணவர் மெல்ல அடுப்பருகே நகர்ந்து வந்தார்.

"உண்மையச் சொல்லிடவா?"

"சொன்னீங்கன்னா இன்னிக்கு உங்களுக்குச் சாப்பாடு கிடையாது."

அந்தச் சிரிப்பு என்னுடையது. நான் சூப்புக் குடிப்பதை ஒளிந்திருந்து வரைந்து, மீசையும் தொந்தியும் சேர்த்துவிட்டார் மனுஷன். அச்சகத்திலிருந்து வந்த பிறகுதான் எனக்கே தெரியும்.

வாதம் முற்றியபோது கதவைத் தட்டியது பெலாஜி. மாவு படிந்த ஏப்ரனோடு நின்றாள்.

"எதுத்தாப்ல ஒட்டியிருந்த படத்த எவனோ மடையன் காலையில கிழிச்சிட்டான். இன்னொண்ணு கிடைக்குமா? கடைக்குள்ளயே மாட்டிக்கறேன்."

பிரஸாக் கூரையைப் பார்த்தார். அவள் மேசையருகே வந்து, கிழிந்த தாளை உள்ளங்கையால் நீவிவிட்டாள்.

"எங்கிட்ட வாங்கறவங்கல்லாம் நடந்துகிட்டே முழுங்கறாங்க. இப்படி ஒருத்தர் சாப்பிட்டு நான் பாத்ததே இல்ல. இவரு யாரு? நெசமாவே இருக்காரா?"

"நான்தான்," என்று இரண்டு குரல்கள் ஒன்றாக வந்தன.

பெலாஜி தொப்பிக்காரரைப் பார்த்தாள், வாத்தியாரைப் பார்த்தாள். பிறகு நாற்காலியை இழுத்துப்போட்டு அவர்களுக்கு எதிரே உட்கார்ந்தாள்.

"சூப்பு வாசன வருதே. ரெண்டு பேருக்கும் ஊத்துங்கம்மா, பாப்போம்."

ஊற்றினேன். எனக்கும் ஒரு கிண்ணம் வைத்தாள் அவளே. இரண்டு ஆண்களும் கிண்ணத்தின் மேல் குனிந்து, கரண்டியைத் தூக்கிப் பல்லைக் காட்டினார்கள். நான் உதட்டை இறுக்கி மூடிக்கொண்டு நின்றேன். என் கிண்ணத்திலிருந்து ஆவி முகத்துக்கு நேராக எழும்பியது.