எட்டு நாள் முந்திய அழிகண்மாய்

பங்குனி பிறந்தால் ஆனையூர்க் கண்மாயில் தண்ணீர் நடுப்பள்ளத்துக்கு ஒதுங்கிவிடும். அதில் திரளும் மீனைத் தேடிக் கடற்கரைப் பக்கமிருந்தெல்லாம் பறவைகள் வந்து இறங்கும். பறவைகளைத் தேடி அழகம்மாளின் புருஷன் போவார். சோணைமுத்து வாத்தியாருக்குப் பள்ளிக்கூடம் பத்து மணிக்குத்தான். விடியற்காலையில் நோட்டும் பென்சிலுமாகக் கரையேறினால் வெயில் உறைக்கிற நேரத்துக்குத்தான் வீடு வருவார்.

பறவைதானே, போகட்டும் என்று அழகம்மாள் நாலு வருஷம் பொறுத்தாள். ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பத்தேழாம் வருஷம் கிணற்றடியில் ராமக்காள் வாயைத் திறந்தாள்.

"வாத்தியாரு தனியாவா எண்ணுறாரு? கோரை அறுக்கிற ஒச்சாயியும்ல கூட இருக்கா. ரெண்டு பேரும் சிரிக்கிற சிரிப்புல உள்ளான் குருவியெல்லாம் பறந்துரும் போல!"

மறுநாள் கஞ்சி கொண்டுபோகிற சாக்கில் அழகம்மாளும் கரையேறினாள். அவர் மருதமரத்தடியில் இருந்தார். கரைச்சரிவில் பத்தடி தள்ளி ஒச்சாயி கையை நீட்டிச் சொல்லிக்கொண்டிருந்தாள்.

"அருவாமூக்கன் பதினேழு, அய்யா. அதுல ஒண்ணு நொண்டுது."

"எந்தக் காலு?"

"இடதுதான். உங்க மாமனாரு நடப்பாருல்ல, அதே நடை."

அவர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். அழகம்மாளுக்குக் கஞ்சிச்சட்டி கையில் கனத்தது. அவளுடைய அப்பனைச் சொல்லி எவளோ சிரிக்கவைக்கிறாள். கல்யாணமாகி ஒன்பது வருஷத்தில் அவளிடம் அவர் இப்படி ஒருநாள் சிரித்ததுண்டா?

வீட்டுக்கு வந்ததும் கேட்டாள்.

"அவ எதுக்கு அங்க?"

"அவளுக்குப் பறவை தெரியும்."

"எனக்குத் தெரியாதாக்கும்?"

"உனக்கு எல்லாமே கொக்குதானே!"

அது உண்மைதான். அதனாலேயே கூடுதலாக எரிந்தது.

கண்மாயைப் பார்த்துக்கொள்ளும் அம்பலம் உக்கிரபாண்டி அவளுடைய கூடப்பிறந்த அண்ணன். கோடையில் ஒருநாள் அவர் கரையில் நின்று வெள்ளைத்துண்டை வீசுவார். அதற்குமுன் யாரும் மீனுக்கு இறங்கக்கூடாது. வீசிவிட்டால் சுற்றுப்பட்டு ஊரெல்லாம் இறங்கிப் பிடிக்கலாம். அதற்குப் பேர்தான் அழிகண்மாய். அழகம்மாள் அவரிடம் போனாள்.

"அண்ணே, தண்ணி சூடேறிப்போச்சு. இந்த வெள்ளிக்கிழமையே துண்டை வீசிருங்க."

"குறிச்ச நாளுக்கு இன்னும் எட்டு நாள் கெடக்கேத்தா."

"நேத்து ரெண்டு விரால் மல்லாந்து கெடந்துச்சுண்ணே. நானே பாத்தேன்."

அப்படி எந்த விராலும் கிடக்கவில்லை. ஆனால் தங்கச்சி சொல்லை அண்ணன் தட்டவில்லை.

வெள்ளிக்கிழமை ஊத்தாக்கூடையும் வலையுமாக ஆயிரம் பேர் கூடிவிட்டார்கள். துண்டு விழுந்ததுதான் தாமதம், கூச்சலோடு சனம் சேற்றில் பாய்ந்தது. பறவைகள் மொத்தமாக எழும்பின. ஒச்சாயியும் எல்லோரையும்போல் ஊத்தாவைக் கவிழ்த்துக்கொண்டு மீனுக்கு அலைந்தாள். புருஷன் பக்கத்தில் நின்ற அழகம்மாளுக்கு நெஞ்சு குளிர்ந்தது. இனி எதைக் காட்டிச் சிரிப்பாள்?

"அழகம்மா, எந்தப் பக்கம் போகுது?" என்றார் அவர்.

அவள் திரும்பிப் பார்த்தாள். பறவைகள் கிழக்கே வட்டமடித்துக்கொண்டிருந்தன. அவர் மேற்கே பார்த்துக்கொண்டிருந்தார்.

"அந்தா, கிழக்க..."

அவர் திரும்பி, கண்ணைச் சுருக்கிப் பார்த்தார். "சத்தந்தான் கேக்குது."

அவள் அவர் முகத்துக்குக் கிட்டே வந்தாள். "எம்புட்டு நாளாங்க இப்படி?"

"ரெண்டு வருஷமா. கிட்டத்துல தெரியுது. தூரத்துல இருக்கிறதெல்லாம் ஒரே பஞ்சு மாதிரி. வெளிய தெரிஞ்சா வேலை போயிரும்."

"அவளுக்குத் தெரியுமா?"

"அவ பாத்துச் சொல்லாட்டி நான் எப்படி எழுதுறது?"

"எங்கிட்ட ஏன் சொல்லல?"

"சொன்னா அன்னைக்கே உங்க அண்ணன் காதுக்குப் போயிருக்கும்."

அவர் நோட்டை விரித்தார். "போறதுக்குள்ள எண்ணிச் சொல்லு. கூழைக்கடா எத்தனை?"

எது கூழைக்கடா என்று அவளுக்குத் தெரியவில்லை. அண்ணாந்து பார்த்துக்கொண்டே நின்றாள். அவர் சற்றுநேரம் காத்திருந்துவிட்டு நோட்டை மூடினார்.

மறுநாள் கரையில் அவரும் அவளும் மட்டும் உட்கார்ந்திருந்தார்கள். அவள் ஆசைப்பட்டது அதுதான். கலங்கிய சேற்றில் காக்கைகள் தவிர ஒன்றுமில்லை. அண்ணனிடம் போய்ச் சொன்னது தான்தான் என்பதை அன்றும் சொல்லவில்லை, பிறகும் சொல்லவில்லை.

அடுத்த பங்குனியில் அவளே ஒச்சாயியின் தெருவுக்குப் போய், முனையில் நின்று கூப்பிட்டாள்.

"நாளைக்குக் கரைக்கு வா. ஆனா நடுவுல நான் இருப்பேன்."

ஒச்சாயி சிரித்தாள். "தாராளமா இருங்கத்தா. நான் உங்க காதுல சொல்றேன், நீங்க அய்யா காதுல சொல்லுங்க."

அந்தக் கோடை முழுக்க அப்படித்தான் நடந்தது. கூழைக்கடா எது, முக்குளிப்பான் எது என்று அழகம்மாள் படித்துக்கொண்டாள். சில நாள் ஒச்சாயி சொல்வதற்குமுன் முந்திக்கொண்டு சொன்னாள். தப்பாகவும் சொன்னாள். அவர் அவளைப் பார்த்தும் சிரித்தார்.

ஐப்பசியில் விஷக்காய்ச்சல் கண்டு அவர் போய்விட்டார். எடுத்துக்கொண்டு போகும்போது ஒச்சாயி தெருமுனையில் நின்று மாரில் அடித்துக்கொண்டு அழுதாள். அவளுக்கு அவரோடு மூன்று கோடை, எனக்கு ஒன்றுதான் என்ற நினைப்புத்தான் அந்த நேரத்திலும் அழகம்மாளுக்கு வந்தது.