இன்ஜின் தம்பிக்கு, வீல் அண்ணனுக்கு

பிளேடால் சுரண்டச் சுரண்டப் பச்சைப் பெயிண்ட் உதிர்ந்துகொண்டே இருந்தது. ஆயுத பூஜை வந்தால் வேல்பாண்டி தோப்பில் கிடக்கும் அந்தப் பழைய டீசல் இன்ஜினுக்கு ஆயில் விட்டு, பெயிண்ட் அடித்து, சந்தனமும் வைத்துவிடுவார். ஓடுமா என்று மட்டும் யாரும் கேட்கக் கூடாது. கடைசியில் அத்தனை பெயிண்டுக்கும் அடியில் ஒரு பித்தளைத் தகடு தெரிந்தது. இராஜபாளையத்தில் பழைய இன்ஜின் வாங்கி விற்கும் இம்மானுவேல் அதை டீசல் தொட்டுத் துடைத்து, நம்பரைப் படித்தார்.

"சீமை இன்ஜின்தாம்ணே. கோயம்புத்தூர்ல ஒருத்தர் இதுகளைச் சேத்து வைக்காரு. ஆனா வீல்லயும் இதே நம்பர் இருக்கணும், என் கண்ணு முன்னால ஓடணும். ரெண்டும் சரின்னா வண்டியில இருக்க புது மோட்டாரை இறக்கிட்டு இதை ஏத்திக்கிடுதேன். இல்லன்னா இரும்பு எடைதான். சாயங்காலம் வரைக்கும் பாப்பேன். பொறவு வ. புதுப்பட்டியில இன்னொண்ணு கிடக்கு, அங்க போயிருவேன்."

வேல்பாண்டியின் மனைவி ஆனந்தவல்லி தென்னைகளை அண்ணாந்து பார்த்தாள். தேவதானத்துத் தோப்பில் மோட்டார் எரிந்துபோய், தண்ணீரில்லாமல் தென்னைகள் குரும்பையை உதிர்க்க ஆரம்பித்துவிட்டன. புது மோட்டாருக்கு இதை விட்டால் வேறு வழியில்லை. வீலோ ஸ்ரீவில்லிபுத்தூரில், வேல்பாண்டியின் அண்ணன் சேதுபதி வீட்டில் இருந்தது.

பாகம் பிரித்தபோது ஊர்ப் பெரிய மனிதர்கள் அடித்த கூத்து அது. ஒரே இன்ஜினுக்கு இரண்டு பேரும் மல்லுக்கு நிற்க, இன்ஜின் தம்பிக்கு, வீலும் ஹேண்டிலும் அண்ணனுக்கு என்று தீர்ப்புச் சொல்லிவிட்டார்கள். அப்படியாவது சேர்ந்து இருப்பார்களாம்! அவர்களோ ஆளுக்கொரு கரண்ட் மோட்டார் வாங்கிக்கொண்டு பேச்சையே நிறுத்திவிட்டார்கள். அன்று முதல் எதிரெதிரே நின்றாலும் "அவன்கிட்டச் சொல்லு", "அவியகிட்டச் சொல்லு"தான். நடுவில் ஆனந்தவல்லி தபால்காரி. கல்யாண வீடோ கருமாதி வீடோ, வற்றுவது அவள் தொண்டைதான்.

"நான் போய்க் கேக்க மாட்டேன்" என்றார் வேல்பாண்டி. அவள் பஸ் ஏறினாள்.

ரிட்டயர்டு எஸ்.ஐ. சேதுபதி அந்த வீலை ஜன்னல் கம்பியோடு சங்கிலி போட்டுப் பூட்டி வைத்திருந்தார். நாலு ஆள் சேர்ந்தால்தான் அசையும் இரும்பை எவன் தூக்கிக்கொண்டு ஓடப்போகிறானோ, அவருக்குத்தான் வெளிச்சம். அவள் சொன்னதையெல்லாம் கேட்டுவிட்டு அவர் கேட்டது ஒன்றுதான்.

"மரம் காயுதா?"

"ஆமா அத்தான்."

சாவியை எடுத்தார். "நானே கொண்டு வாரேன். ஆனா அவன்கிட்டப் பேச மாட்டேன், பாத்துக்கோ."

வீலும் ஹேண்டிலும் ஏற்றிய லோடு ஆட்டோ தோப்புக்குள் நுழைந்தபோது வெயில் சாய்ந்திருந்தது. சங்கிலி உரசிய இடத்தில் துரு ஏறி, வீலின் நம்பரில் கடைசி இரண்டு எண்கள் தெரியவில்லை. இம்மானுவேல் உப்புத்தாள் வைத்துத் தேய்த்தார். தகட்டையும் வீலையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு அவர் தலையாட்டினார். "அதே ஜோடிதான். மாட்டுங்கலே."

அவருடைய ஆட்கள் வீலை மாட்டி, டீசல் ஊற்றினார்கள். ஹேண்டிலைத் தொட மட்டும் ஒருவனும் முன்வரவில்லை. அதில் நியாயம் உண்டு. சுற்றுகிறவர் வேகம் பிடித்ததும் குரல் கொடுக்க வேண்டும். மேலே காற்றைத் திறந்துவிடும் லிவரைத் தூக்கிப் பிடித்திருப்பவர் அந்த நொடியே அதைக் கீழே போட வேண்டும். கொஞ்சம் பிந்தினாலும் வேகம் தளர்ந்து ஹேண்டில் திருப்பி அடிக்கும், மணிக்கட்டு தப்பாது. இந்த இன்ஜினை அப்படி ஓட்டிப் பழகியவர்கள் அண்ணனும் தம்பியும்தான்.

வேல்பாண்டி வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ஹேண்டிலைப் பிடித்தார். சேதுபதி லிவரைத் தூக்கினார். இரண்டு முகமும் இரண்டு பக்கம்.

வீல் சுழன்றது. வேகம் பிடித்தது. வேல்பாண்டி மூச்சிரைக்க, "ஏட்டி, போடச் சொல்லு!" என்றார்.

"அத்தான், போடுங்க!"

லிவர் விழுவதற்குள் வேகம் தளர்ந்துவிட்டது. ஹேண்டில் படீரென்று திருப்பி அடித்தது. வேல்பாண்டி கையை உதறிக்கொண்டு சரிந்தார். புறங்கை கிழிந்து ரத்தம் வடிந்தது. ஆனந்தவல்லி அலறிவிட்டாள். சேதுபதியின் முகம் வெளுத்துப்போனது.

"போதும்ணே, எடைக்கே போடுவோம்" என்று இம்மானுவேல் வ. புதுப்பட்டிக்குப் பேசச் செல்போனை எடுத்தார்.

"செத்த பொறும்" என்று துண்டைக் கையில் சுற்றிக்கொண்டு வேல்பாண்டி மறுபடியும் ஹேண்டிலைப் பிடித்தார். வீல் சுழன்றது. "ஏட்டி, சொல்லு!" அவள் சொன்னாள். சேதுபதி போடவில்லை. லிவரைத் தூக்கிப் பிடித்தபடி கல்லாக நின்றார். வேல்பாண்டி விடாமல் சுற்றினார். கழுத்து நரம்பு புடைத்தது.

அவளுக்கு ஆத்திரம் தாங்கவில்லை. "இன்னுமா அத்தான் உங்களுக்கு வஞ்சம்? போடுங்களேன்!"

"வஞ்சமா? நீ வாங்கிச் சொல்லுததுக்குள்ள அவன் கை ஒடிஞ்சிரும்த்தா!" சேதுபதி லிவரை இன்னும் இறுக்கிப் பிடித்தார். "அவன் வாயால சொல்லட்டும். சொல்லாம நான் போட மாட்டேன்."

வேல்பாண்டி நிமிர்ந்து பார்க்கவில்லை. பல்லைக் கடித்துக்கொண்டு சுற்றினார். துண்டில் ரத்தம் ஊறியது. இன்னொரு சுற்று. இன்னொன்று. ஆனந்தவல்லி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். இந்த முறை செத்தாலும் சொல்வதில்லை என்று நின்றாள்.

"அண்ணே, போடு!"

லிவர் விழுந்தது. இன்ஜின் ஒருமுறை கனைத்தது, இருமியது, பிறகு தோப்பே அதிர ஓடத் தொடங்கியது. கரும்புகை தென்னை ஓலைக்கு மேலே போனது. இம்மானுவேல் செல்போனைப் பைக்குள் போட்டுவிட்டு, புது மோட்டாரை இறக்கச் சொல்லி ஆட்களுக்குக் கைகாட்டினார்.

இரைச்சலுக்கு மேலே சேதுபதி கத்தினார். "ஏத்தா, அவன்கிட்டக் கையைக் காட்டச் சொல்லு!"

ஆனந்தவல்லி காதில் விழாதவள் போல மோட்டாரைப் பார்க்க நடந்தாள். நாலு எட்டு வைத்துவிட்டுத் திரும்பினாள். "நீங்களே கேளுங்க. எனக்குத் தொண்டை வத்திப்போச்சு."

சேதுபதி லிவரிலிருந்து கையை எடுத்தார். பிறகு இன்ஜினைச் சுற்றிக்கொண்டு அந்தப் பக்கம் போனார்.

"ஏலே, கையைக் காட்டு."

வேல்பாண்டி காட்டினார்.