பழவேற்காட்டில் போட்ட சத்தம்

என் மகள் நீலா என்னோடு பேசி இரண்டு மாதம் ஆகியிருந்தது. தப்பு என் மேல்தான். அவள் ஆபீஸிலிருந்து கிறிஸ்துமஸ் கேக் சாப்பிட வந்திருந்தவர்கள் முன்னால், தண்ணி மோட்டாரை நிறுத்தாததற்காக ராயபுரமே கேட்கும்படி அவளைப் பார்த்துக் கத்தினேன். துறைமுகத்தில் இருபது வருடமாகக் கிரேன் ஓட்டுகிறேன், மேலேயிருந்து கத்திக் கத்தியே பழகிய தொண்டை. இதைச் சாக்காகச் சொன்னால் என் பெண்டாட்டி ஞானம் கரண்டியைத் தூக்குவாள்.

திருநீற்றுப் புதனன்று, தவக்காலம் நாற்பது நாளும் கோபப்பட மாட்டேன் என்று மாதா முன்னால் நேர்ந்துகொண்டேன். நீலா காதில் விழட்டும் என்று சத்தமாகவே நேர்ந்துகொண்டேன். அவள் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. மனசு விட்டுப்போச்சு.

ஞானந்தான் வழி பண்ணினாள். "ஞாயித்துக்கெயம அவ பழவேற்காட்டுக்கு சைக்கிள்ல போறா. பூநாரை பாக்கணுமாம். நீயும் போ. வாய மூடிகினு போ."

விடிகாலைப் பூசை முடித்துக் கிளம்பினோம். முன்னால் அவள், பின்னால் பக்கத்து வீட்டு தௌசீஃபின் சைக்கிளில் நான். எண்ணூர் தாண்டி, மீஞ்சூர் தாண்டியதும் அவள் டயர் பஞ்சர்.

"பம்ப்பும் பஞ்சர் பசையும் எடுத்தாந்தியாம்மா?"

பையைத் துழாவினாள். இல்லை. முந்தின ராத்திரி மூன்று தடவை ஞானத்திடம் சொல்லி அனுப்பியிருந்தேன், மூன்று தடவையும் எடுத்தாச்சு என்று பதில் வந்தது. எனக்கு ரத்தம் தலைக்கு ஏறியது.

தவக்காலத்தில் ஞாயிற்றுக்கிழமை நாற்பது நாளில் சேராது. ஒறுத்தலும் கிடையாது. அன்று கறி தின்பவர்கள் உண்டு, பீடி பிடிப்பவர்கள் உண்டு. நான் கத்தினாலும் மாதா கோபித்துக்கொள்ள மாட்டாள். ஆனால் இவள் இதோ எதிரே நிற்கிறாளே. பல்லைக் கடித்துக்கொண்டு, "பரவால்லம்மா, தள்ளிகினு போலாம்" என்றேன்.

இரண்டு கிலோமீட்டர் தள்ளினோம். பஞ்சர் கடைக்காரர் இட்லி தின்று கை கழுவும்வரை நின்றோம். அங்கேயும் நான் சத்தம் போடவில்லை. நீலா ஒரு தடவை என்னை ஏறிட்டுப் பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

பழவேற்காட்டில் டச்சுக்காரர் கல்லறைகளைச் சுற்றிப் பார்த்தோம். வாசலில் எலும்புக்கூடு செதுக்கி வைத்திருக்கிறார்கள், என்ன ரசனையோ! பிறகு பாலம் கடந்து கலங்கரை விளக்கம் இருக்கிற தீவுக்குப் போனோம். ஒரு பக்கம் ஏரி, மறுபக்கம் கடல். காற்று நெஞ்சை நிறைத்தது.

ஏரிக்கரையில் உட்கார்ந்து நீலா பைனாகுலரில் வெகுநேரம் பார்த்தாள். பிறகு அதைக் கழற்றி என் கழுத்தில் மாட்டினாள். கண்ணில் வைத்தேன். சேற்றுத் தண்ணீரில் நூற்றுக்கணக்கில் பூநாரைகள், ரோஸ் கால்களோடு, தலையைக் கவிழ்த்து மேய்ந்துகொண்டிருந்தன.

"யம்மாடியோவ்! இன்னாம்மா இது! இத்தினி கீதே!"

கிரேன் தொண்டை. மொத்தக் கூட்டமும் எழும்பி, ரோஸும் கறுப்புமாகச் சிறகை விரித்து, ஏரிக்கு அந்தப் பக்கம் போய்விட்டது. சேறு மட்டும் மிச்சம். செத்தேன் என்று நினைத்தேன்.

நீலா எழுந்து இடுப்பில் கை வைத்தாள். "நைனா! அறிவு கீதா உனுக்கு? அம்பது கிலோமீட்டரு மிதிச்சிகினு வந்தது எதுக்கு? பறவையாண்ட போய் எவனாச்சும் கத்துவானா? ஒரு போட்டோகூட எடுக்கலியே நானு! இன்னா, கிரேன்லயா குந்திகினு கீற?"

இரண்டு மாதம் பேசாததற்கும் சேர்த்து மூச்சு விடாமல் திட்டினாள். மீன் பிடித்துக்கொண்டிருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். நான் தலையை ஆட்டிக்கொண்டே நின்றேன். எங்கே நிறுத்திவிடுவாளோ என்றுதான் பயமாக இருந்தது.