வெட்ட முடியாத முத்தம்

1
ஒரே காமிக்ஸின் இரண்டு பிரதிகள் கிடைத்ததால் இந்தக் கதையை எழுதுகிறேன். நியூயார்க்கில் அச்சானதில், எஃகுப்பருந்து என்ற வீரன் இறந்துபோன தன் கணவன் தியோவின் நெற்றியில் முத்தமிடுகிறான். வெளிநாட்டுப் பிரதியில் அந்தப் படக்கட்டம் இல்லை. பக்கத்திலிருந்த கட்டத்தை இழுத்து அகலமாக்கியிருக்கிறார்கள். துக்கம் கேட்க வந்த யாரோபோல் நிற்கிறான் வீரன்.

வரைந்தவனை எனக்குத் தெரியாது. ஆர்மாண்டோ என்று பெயர் வைத்து ப்ரூக்ளினில் குடிவைத்தேன்.

2
'ஆர்மாண்டோ பென்சிலைச் சீவினான். வெளியே மழை...'

(மழை வேண்டாம். என் மனைவி இறந்த அன்று நல்ல வெயில்.)

பதிப்பாசிரியர் கிரெட்சன் சொன்னாள்: "முத்தத்தத் தனிக் கட்டமாப் போடு. வேணாங்கிற நாட்டுக்காரன் வெட்டி எடுத்துருவான்."

"எடுத்துட்டா தியோ பருந்துக்கு யாரு?"

"ஃப்ரெண்டு. மூஞ்சியத் தூக்காத. காமிக்ஸ்ல எவன்டா செத்தே கெடந்தான்? அப்புறமா எழுப்பிக்கலாம்."

"பருந்த எத்தன தடவ எழுப்பியாச்சு! அவன் புருஷன எழுப்புவியா?"

"வித்தா எழுப்புறேன்."

3
கிரெட்சனைக் கெட்டவளாக்கப் பார்த்தேன். முடியவில்லை. தியோவை அச்சில் கொண்டுவர மேலிடத்தோடு வருடக்கணக்கில் சண்டை போட்டவள் அவள்.

ஆர்மாண்டோவுக்கும் ஒரு காரணம் வேண்டும். அவனோடு வாழ்ந்த துணைவன் வெண்டல் இறந்தபோது, வெண்டலின் அம்மா அவனை 'ரூம்மேட்' என்று சொல்லி இறுதிச் சடங்கில் கடைசி வரிசையில் உட்காரவைத்தாள்.

(என் மனைவியின் சடங்கில் எனக்கு முன்வரிசையில் இடம் விட்டிருந்தார்கள். நீ யார் என்று ஒருவரும் கேட்கவில்லை.)

4
அவன் தனிக் கட்டம் போடவில்லை. முழுப் பக்கத்துக்கும் ஒரே படம். நடுவில் முத்தம். பருந்தின் தோளுக்குப் பின்னால், கூட்டத்தோடு கூட்டமாக, கத்தியை உருவும் வில்லன். இந்தப் படம் இல்லையென்றால் அடுத்த பக்கத்துச் சண்டை யாருக்கும் புரியாது.

கிரெட்சன் பக்கத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"படுபாவி, இதுல எங்கடா வெட்டுறது?"

"வெட்டிக் காட்டேன்."

5
முடிவு ஒன்று: பக்கத்தையே தூக்கிவிட்டு அங்கே சோப்பு விளம்பரம் போடுகிறார்கள். சண்டை புரியாவிட்டால் போகட்டும் என்று.

முடிவு இரண்டு: எல்லா ஊரிலும் அப்படியே அச்சாகிறது. ஆர்மாண்டோ வெண்டலின் கல்லறைக்கு ஒரு பிரதியை எடுத்து...

(அந்த வரியை அடித்துவிட்டேன். இறந்தவர்கள் படிப்பதில்லை.)

முடிவு மூன்று: கிரெட்சன் சென்னை விற்பனைக்காரருக்கு ஃபோன் போடுகிறாள். "ஒரே ஒரு முத்தம். உங்க சென்னைக்காரங்க தாங்குவாங்களா, தூக்கிரட்டுமா?"

அவர் உங்களிடம் கேட்டுச் சொல்வதாகச் சொல்லியிருக்கிறார். ஆர்மாண்டோ பக்கத்திலேயே நிற்கிறான்.